சம்மட்டி படாத இரும்பு

பழைய இரும்புக் கடைக்கு வண்டிச் சாமான் வாங்கப் போகிறவர்கள் இப்போதும் என்னிடம் வந்து யோசனை கேட்பதுண்டு. நான் சொல்வது அதிகம் இருக்காது. காலை வெயிலில் போங்கள். மேகம் மூடிய நாளில் இரும்பைப் பார்த்து வாங்காதீர்கள். கழற்றிய பழைய சாமானைக் கையோடு கொண்டு போங்கள். பையில் தட்டிப் பார்க்க ஒரு சின்னச் சுத்தியல், ஒரு குப்பியில் மண்ணெண்ணெய், துடைக்கக் கொஞ்சம் பனியன் வேஸ்ட், கட்டிங் மேசையில் துணிக்குக் கோடு போடுகிற சாக்பீஸ் ஒன்று. இவ்வளவு போதும். எங்கள் ஊரில் பனியன் வேஸ்டுக்கும் சாக்பீசுக்கும் பஞ்சமில்லை.

மண்ணெண்ணெயை இரும்பில் நன்றாகத் தடவிச் சற்று நேரம் விட வேண்டும். பிறகு வேஸ்டால் ஈரமில்லாமல் துடைத்து, அதன்மேல் சாக்பீசைப் பொடி செய்து தூவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடாக எழும்பும். பழைய இரும்பில் புதுப் பெயிண்ட் இருந்தால் இதைச் செய்யாமல் எடுக்கவே கூடாது.

இதுவரை எல்லோரும் தலையாட்டிக் கேட்பார்கள். கடைசியாகச் சொல்வதற்குத்தான் சிரிப்பார்கள். கெட்டுப்போன சாமானைக் கடைக்குப் போடுவதற்கு முன்னால் சம்மட்டியால் அடித்து உடைத்துவிடுங்கள் என்பேன். வாங்கப் போகிறவனுக்கு எதற்குங்க இந்த யோசனை என்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. இப்போது எழுதுகிறேன்.

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் முதலில் கட்டிங் மேசையில் இருந்தேன். பிறகு வேன் ஓட்டக் கற்றுக்கொண்டு அதற்கே போய்விட்டேன். நின்று பேச வேண்டாத வேலை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது. துணியைச் சலவைப் பட்டறைக்கும் பெட்டிகளைப் புகைவண்டி நிலையத்துக்கும் கொண்டு போவேன். வேன் பழைய சீமை வண்டி. முதலாளி தொழில் ஆரம்பித்த காலத்தில் வாங்கியது. அதன் ரிப்பேரைப் பெரும்பாலும் நானே பார்த்துக்கொண்டேன். கட்டிங்கில் பனியன் கைக்கு வெட்டுகிற துணிகளுக்கு வலம் இடம் தெரிய அடையாளம் போடுவோம். அந்தப் பழக்கத்தில், கழற்றுகிற சாமான்களில் உளியால் ஒரு கோடு கிழித்து, அதன் தலையில் வலப் பக்கத்துக்கு ஒரு புள்ளி, இடப் பக்கத்துக்கு இரண்டு புள்ளி குத்தி வைப்பேன்.

வேன் ஓய்ந்துபோன வருஷம், கடைசியாக கிரீஸ் வைக்கும்போது இடது ஸ்டப்பின் அடியில் மயிரிழை போல ஒரு கோடு பார்த்தேன். ஸ்டப் என்பது முன் சக்கரம் மாட்டியிருக்கிற குட்டையான தண்டு. அது முறிந்தால் சக்கரம் தனியாகப் போய்விடும். வண்டி எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சாக்பீஸ் தூவிப் பார்த்தேன். விரிசல்தான்.

எப்படியும் வண்டி பழைய இரும்புக்குப் போகப் போகிறது. போவதற்கு முன் அந்த ஸ்டப்பை மட்டும் உடைத்துவிடலாம் என்று சம்மட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். வாசலில் வேனுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். கம்பெனி ஆட்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். முதலாளிக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஏப்பா, கையில என்னது?" என்றார்.

"சம்மட்டிங்க. எடப்பக்கத்து ஸ்டப்பு வந்துங்க..."

"இத்தன வருசம் நம்ம எல்லார்த்துக்கும் சோறு போட்டிருக்குதப்பா. மாலை போட்டு அனுப்பறப்ப அதைப் போயி அடிக்கறதா? முழுசாப் போகட்டும். கொண்டு போயி வை."

"வேனு மேல அப்படி என்னங்க கோவம் இவருக்கு?" என்று மடிப்பு மேசைக்காரர் ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. சம்மட்டியைக் கொண்டு போய் வைத்துவிட்டு வந்தேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள்.

முதலாளி அதே மாதிரி இன்னொரு பழைய வேன் வாங்கினார். உன்ற கைக்குப் பழகினது அதுதானே என்றார். இரண்டு வருஷம் போயிற்று. நொய்யல் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி அதன் வலது ஸ்டப் வளைந்துவிட்டது. அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் கோயமுத்தூர் போனேன்.

பழைய இரும்புக் கடைக்கார பாய், வளைந்ததைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய், கறுப்புப் பெயிண்ட் பளபளக்க ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். நான் அதைத் தொடாமல் நின்றேன். அவர் முன்னால் தட்டிப் பார்ப்பது அவரைச் சந்தேகப்படுவது போல எனக்குக் கூச்சம்.

"ஏனுங்க, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையாட்டத் தலையக் குனிஞ்சுட்டு நிக்கறீங்க? தட்டிப் பாருங்க, தடவிப் பாருங்க. மழைக்குத் துரு ஏறுமேன்னு நான் எல்லாத்துக்கும் பெயிண்ட் அடிச்சுப் போட்டுருவேன். உள்ள என்ன இருக்குதுன்னு நீங்கதான் பாத்துக்கோணும்."

மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். பெயிண்ட் லேசாக உரிந்து வந்தது. அடியில் ஒரு கோடு. அதன் தலையில் ஒரு புள்ளி.

என் கை போட்ட அடையாளம். எங்கள் பழைய வேனின் இரும்பு. ஊர் போன சொந்தக்காரரைச் சந்தையில் பார்த்த மாதிரி எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாக்பீஸ் தூவினேன். கோடு எதுவும் எழவில்லை. நல்ல இரும்பு. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இடது ஸ்டப் நினைவுக்கு வந்தது.

"பாய், இதோட ஜோடி எங்கேங்க? எடப்பக்கத்துது?"

"அது போயிருச்சுங்களே. நாலஞ்சு நாளாச்சு. குன்னத்தூர்க்காரர் ஒருத்தர், இதே மாதிரி வண்டிதான் வாடகைக்கு ஓட்டறாரு. முகூர்த்தத்துக்கு வண்டி பேசியிருக்குதுன்னு பறந்துட்டு வந்தாரு."

"தட்டிப் பாத்தாருங்களா?"

"எங்கீங்க! நின்னு தண்ணி குடிக்கவே நேரமில்லீன்னாரு."

நான் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். பாய் என்னவென்று கேட்டார். சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் பேசியதில்லை. அவர் முகம் வெளுத்தது. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். நாளைக்கு முகூர்த்தம்.

"பேரு தெரியாதுங்க எனக்கு. குன்னத்தூர்னு மட்டுந்தான் சொன்னாரு. இதைக் கையோட எடுத்துட்டுப் போங்க. வெறும் வாயில சொன்னா ஆரும் நம்ப மாட்டாங்க. போங்க, போங்க!" என்று நல்ல ஸ்டப்பைப் பைக்குள் திணித்து என்னைத் தெருவுக்குத் தள்ளினார்.

அவினாசி வழியாக பஸ்ஸில் போனேன். ஒவ்வொரு வளைவிலும் சாலையோரத்தில் கூட்டம் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். ஒரு புளியமரத்தடியில் நாலு பேர் நின்றதைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டேன். இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

குன்னத்தூரில் இறங்கும்போது மூன்று மணி இருக்கும். டீக்கடையில் கேட்டேன்.

"வாடகை வேனா? கல்யாணத்துக்குப் போயிருக்குது. நாளைக்குக் காலைல முகூர்த்தம், பொண்ணூட்டுக்காரங்க இன்னைக்கே ஊத்துக்குளி மலைக்கோயிலுக்குக் கெளம்பறாங்க. அக்கட்டப் பாருங்க, பந்தல் போட்ட ஊடு."

வேன் பந்தலுக்கு வெளியே நின்றிருந்தது. முன்னால் வாழைக் கன்று கட்டியிருந்தார்கள். உள்ளே ஆட்கள் ஏறிவிட்டார்கள். முன் பக்கத்து இடது சன்னலில் மணப்பெண் உட்கார்ந்திருந்தாள். அதற்கு நேர் கீழே அந்தச் சக்கரம்.

வெள்ளைச் சட்டை போட்ட வண்டிக்காரர் ஏறப் போனார். "ஏனுங்க, இந்த வண்டி போகக் கூடாதுங்க" என்றேன். மேளச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. திரும்பவும் சொன்னேன். இந்தத் தடவை என் குரலைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். மேளம் நின்றுவிட்டது.

"நல்ல காரியத்துக்குக் கெளம்பறப்ப எந்தூர்ல இருந்துடா வந்து குறுக்க நிக்கறே?" என்று வண்டிக்குள்ளிருந்து ஒரு அம்மாள் கத்தினார்.

"இவரு வண்டிக்குப் போட்டியா வேற வண்டிக்காரன் அனுப்பின ஆளா இருக்கும்" என்றார் பந்தலில் ஒருவர். யாரோ என் தோளைப் பிடித்தார்கள்.

நான் பையிலிருந்து ஸ்டப்பை எடுத்து வண்டிக்காரரிடம் நீட்டினேன். "இதுல ஒரு கோடும் ஒரு புள்ளியும் இருக்குதுங்களா? பாருங்க. நீங்க கோயமுத்தூர்ல வாங்கினது இதோட ஜோடிங்க. அதுல ஒரு கோடும் ரெண்டு புள்ளியும் இருக்கும். இல்லீன்னா என்னை அடிச்சுத் தொரத்துங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். "நேத்துக் கூட ஊத்துக்குளி போயிட்டு வந்தனுங்க. நாலு நாளா ஓடுது" என்றார். ஆனாலும் ஸ்டியரிங்கை ஒடித்துச் சக்கரத்தைத் திருப்பிவிட்டுக் குனிந்தார். நான் வேஸ்டால் பெயிண்டைத் தேய்த்தேன். கோடு வந்தது. பிறகு ஒரு புள்ளி. இன்னொரு புள்ளி.

அவர் எழுந்து, "எல்லாரும் எறங்குங்க" என்றார்.

ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினோம். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துப் பொடியைத் தூவினேன். நான் முன்பு பார்த்தது நகத்தின் அகலம்கூட இல்லாத கோடு. இப்போது அது தண்டைச் சுற்றிப் போய், மறுபக்கத்தில் தன் வாலைத் தானே தொடுகிற மாதிரி நின்றிருந்தது. தண்டைத் தனியாக வெளியே எடுக்க அரை மணிக்கு மேல் ஆயிற்று. அதுவரை பந்தலில் யாரும் உட்காரவில்லை.

அதை வாசலில் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு வண்டிக்காரர் கேட்டார்.

"இதைக் கடைக்குப் போட்டது ஆருங்க?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது.

"நானுங்க."

"வெடிச்சிருக்கறது தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதானுங்க."

முதலாளியைப் பற்றியோ மாலையைப் பற்றியோ நான் சொல்லவில்லை. எனக்கு அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. வண்டிக்காரர் உள்ளே போய், பந்தல் கால் ஊன்றியவர்கள் விட்டுப்போன சம்மட்டியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"ஒடைங்க" என்றார்.

ஓங்கி அடித்தேன். இரண்டாவது அடி தேவைப்படவில்லை. துண்டு உருண்டு வேனுக்கு அடியில் போய் நின்றது.

அவர் குனிந்து அதை எடுத்தார். முறிந்த முகம் முழுவதும் பழைய கறுப்பு. ஓர் ஓரத்தில் மட்டும் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் புது இரும்பு பளபளத்தது. நாலு நாளாக வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தது அவ்வளவுதான். அவர் அந்தப் பளபளப்பின் மேல் கட்டைவிரலை வைத்து மூடினார். பிறகு தலையை நிமிர்த்தி, மணப்பெண் உட்கார்ந்திருந்த சன்னலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அவள் பந்தலில், தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அது தெரிந்தும் நாங்கள் இருவரும் அந்தச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.