காத்தாடிச் சத்தத்துக்கும் அவர் குரலுக்கும் நடுவில்

கேத்தலில் தண்ணீர் கொதிக்கும் முன் மெல்லியதாக ஒரு கீச்சொலி எழும்புமே, அதுதான் மூன்று வருடமாக என் காதுக்குள் இருக்கிறது. அணைக்கத்தான் அடுப்பு இல்லை.

மலேசியாவில், ஈப்போ நகரத்துக் கையுறைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் இயந்திரத்தை ஒட்டி நின்றவள் நான். காதுக்கு அடைப்பான் கொடுத்தார்கள். அதைப் போட்டால் பக்கத்தில் நிற்பவள் சொல்லும் கதை கேட்காது. கதை கேட்காமல் எனக்கு வேலை ஓடாது. கழற்றிப் பையில் போட்டுக்கொள்வேன்.

முதலில் சத்தம் வந்து வந்து போனது. அந்த வருடம் சுங்காய் பக்கம் எங்கள் பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தோம். ரப்பரை வெட்டி, எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்டார்கள். கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது. என் வீட்டுக்காரரின் அக்காவிடம் காதைப் பற்றிச் சொன்னேன்.

"கிணிகிணின்னு கேக்குதா? அது நோவு இல்ல புள்ள, முனியாண்டி சலங்க! சாமி ஒம் மேல வரத் துடிக்குது. உருமி முன்னால போயி நில்லு, எறங்கிடும்."

வீட்டுக்காரர் சிரித்தார். "இவ மேல வந்தா சாமிக்குப் பேச சான்ஸே கெடைக்காது லா, அக்கா."

ஆனாலும் நின்றேன். இரண்டு சாயங்காலம், ஆறு உருமிக்கு முன்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில். சுற்றி நின்றவர்களெல்லாம் ஆடினார்கள். என் மேல் எதுவும் வரவில்லை. மூன்றாம் நாளிலிருந்து, வந்து போய்க்கொண்டிருந்த சத்தம் போகாமலே தங்கிவிட்டது. "ஒனக்கு சுத்தபத்தம் பத்தல" என்றார் வீட்டுக்காரரின் அக்கா.

பூண்டு எண்ணெய் விட்டுப் பார்த்தேன். எரிந்ததுதான் மிச்சம். ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ்ப் பெண் டாக்டர் பொறுமையாகச் சோதித்துவிட்டுச் சொன்னார்: "ஆண்ட்டி, இதுக்கு மருந்து இல்ல. மெல்லப் பழகிடும். ரொம்ப அமைதியான எடத்துல மட்டும் உக்காராதீங்க. காத்தாடியப் போட்டு விடுங்க, ரேடியோவச் சன்னமா வெச்சுக்குங்க."

பொய் சொல்லக் கூடாது, அது உதவியது. சத்தம் போகவில்லை. ஆனால் தலைக்கு மேல் காத்தாடி ஓடும்போது அரை மணி நேரம் வெங்காயம் உரித்துக்கொண்டே அதை மறந்திருக்க முடிந்தது.

பட்ட காலிலே படும் என்பார்கள். போன வருடம் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போனது. குரல் காற்று மாதிரி ஆகிவிட்டது. பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "பேசப் பேசத்தான் கொரல் திரும்பும். வீட்ல பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க. விட்டா, அவரும் விட்டுடுவாரு."

பேச்சுக் கொடுப்பதா? அதற்குத்தானே பிறந்தேன்! ஆனால் காத்தாடி ஓடினால் அவர் குரல் கேட்பதில்லை. நிறுத்தினால் என் காதுக்குள் இருப்பது எழுந்து, சரியாக அவர் குரல் இருக்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்து, "என்னாங்க? இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்பேன். மூன்று முறை சொல்வார். நான்காவது முறை கையை உதறிவிடுவார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஊதியவனுக்காகத்தான் ஊரே வருத்தப்படுகிறது. அந்தச் செவிடனை யாரும் கேட்டதில்லை.

போன வாரம் மத்தியானம் என்னவோ சொன்னார். திரும்பக் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஏதோ வேடிக்கை சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. இடது கையால் குவளையைக் காட்டினார். தண்ணீர் கேட்டவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

குடித்து முடித்ததும் சுவரில் இருந்த காத்தாடி சுவிட்சைக் காட்டினார். போட்டுக்கொள் என்று தலையசைத்தார். போடாமல் இருக்க எனக்குத் தெம்பில்லை. போட்டேன். மறுநாளும் போட்டேன். இன்றைக்குக் காலையிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை.