அண்ணர் செய்த சரிசிறகு விமானம்

அண்ணர் செய்த விமானத்தைக் கெடுத்தவன் நான். அவருடைய கைக்குறை என்றே ஊர் இன்றுவரை நினைப்பதால், இந்த முதலாம் ஆண்டு நினைவு மலரில் அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அண்ணர் தலைமன்னாரில் பிறந்தார். அப்பா கடலில் இறந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. அவர் பள்ளியை விட்டு வள்ளம் ஏறினார். நான் படித்து ஆசிரியனானேன். கடலுக்குப் போகாத நாட்களில் மெல்லிய மரத்துண்டுகளில் எதையாவது செதுக்கிக்கொண்டிருப்பார்.

ஒருமுறை பங்குச் சுவாமியார் கொடுத்த ஆங்கிலச் சஞ்சிகையில், எங்கோ சோதனைக்காகக் கட்டிய விமானமொன்றின் படங்கள் இருந்தன.

“இதில என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சுச் சொல்லு, தம்பி” என்று இரண்டு தடவை கேட்டார். விடைத்தாள் திருத்த வேண்டும் என்றேன். படங்களைப் பார்த்தே விளங்கிக்கொண்டு, ஏழு மாதம் இருந்து அதன் மாதிரியை மரத்தில் செய்தார்.

பங்குக் கோவில் திருநாளுக்கு எங்கள் பள்ளியில் கண்காட்சி வைத்தோம். பொறுப்பு என்னுடையது. முதல்நாள் பார்த்தபோது விமானத்தின் சிறகு கோணலாக, ஒரு முனை முன்னும் மறுமுனை பின்னுமாக நின்றது. சனம் சிரிக்கும் என்று பயந்தேன். அண்ணர் கடலில் இருந்தார். கேட்காமலே சிறகை நேராக்கி, நடு ஆணியில் பசை ஊற்றி இறுக்கிவிட்டேன்.

மறுநாள் அண்ணர் கூட்டத்துக்கு விளக்கினார்: “வள்ளத்துப் பாய் காத்துக்குத் திரும்புதெல்லோ? வேகம் கூடினா இந்தச் சிறகும் அப்பிடித்தான் சரியும். பாருங்கோ.”

திருப்பினார். அசையவில்லை. பலமாகத் திருப்பினார். சிறகு முறிந்து கையோடு வந்தது.

“அண்ணை, சிறகு பறந்திட்டுது, பிளேன் இஞ்சயே நிக்குது!” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணரும் சிரித்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “நீ படிச்சனி, சொல்லு. எங்க பிழைச்சது?”

“மரம் காயேல்லைப் போல” என்றேன்.

அதன்பின் அவர் மரத்தில் கத்தி வைக்கவில்லை. தவசுகாலம் தோறும் சுவாமியாரிடம் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சுவாமிமார் மாறி மாறி வந்தார்கள். அவர்கள் எல்லோரிடமும் சொன்னதை அண்ணரிடம் மட்டும் சொல்லவில்லை.

அவர் நோயில் விழுந்த பிறகுதான் சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், “அப்ப அந்தச் சிறகை நீயே செய்து கொண்டா” என்றார். செய்தேன். இரண்டு சிறகுகளை, “இது துடுப்பு” என்று திருப்பி அனுப்பினார். மூன்றாவதை ஏற்றுக்கொண்டார்.

முருங்கன் ஆஸ்பத்திரியில் அந்த விமானத்தைக் கட்டிலருகே வைக்க விட்ட தாதிமாருக்கும், அவரைவிட்டு அகலாத அவர் மனைவி, என் மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும், அடக்கத்தில் தோள்கொடுத்த உறவினர், நண்பர்களுக்கும் என் நன்றி.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பின்னேரம் அண்ணர் சிறகை ஒரு விரலால் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சிட்டீங்களோ, அண்ணை?” என்று கேட்டேன்.

“ஓம், அது நீ சிறகு செய்து கொண்டுவந்த அண்டைக்கே மன்னிச்சிட்டன்” என்றார். “ஆனா, என்ர கை பிழையெண்டு நினைச்செல்லோ செதுக்கிறதை விட்டனான். இல்லாட்டி இன்னும் எத்தினை செய்திருப்பன், தம்பி.”