பங்காளிக்கு வைத்த சிப்பி

வெளிநாட்டுக்காரர்கள் ‘பங்காளி’ என்ற சொல்லை எதற்குத்தான் சொன்னார்களோ என்று வைலோவுக்கு இன்றுவரை ஆற்றாமை. பவளத்திட்டில் பெரிய சிப்பி அழிந்துவருகிறது, சில வருஷம் யாரும் தொடக்கூடாது, நீங்களும் நாங்களும் இதில் பங்காளிகள் என்று சொல்லித்தான் அங்கே எல்லைக்கு மிதவை கட்டிவிட்டுப் போனார்கள். துவாலுவின் அந்தச் சின்னத் தீவில், அவன் மனைவி மெலாலி அதன்பின் ஒரு சிப்பியைக்கூட அடுப்பில் ஏற்றவில்லை. அவர்கள் பார்வையிட வந்த அன்று மட்டும் வைலோவை முங்கச் சொல்லி, நல்லதாக நாலு எடுத்து, தேங்காய்ப்பாலில் வேகவைத்து, ஊர்க்கூடத்தில் பரிமாறினாள்.

“இது எங்கே கிடைச்சுது?” என்று கேட்டாள் வந்திருந்த அதிகாரியம்மா.

“உங்க பங்குதாம்மா! நாங்க தொடல. பங்காளி வீடு தேடி வந்தா வெறும் வயித்தோடயா அனுப்புவோம்?” என்றாள் மெலாலி.

அந்த அம்மா தட்டைத் தள்ளிவைத்தாள்.

“பாலுக்குப் பூனையைக் காவல் வெச்சோமே!” என்று அவளோடு வந்தவர்களில் எவனோ சிரித்தான்.

மெலாலி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. முங்கி எடுத்த வைலோ தட்டுகளை அள்ளிக்கொண்டு வெளியேறினான். அதன்பிறகு ஊரில் எந்த விருந்துக்கும் அவள் கரண்டி பிடித்ததில்லை.

நோயில் விழுந்து கடைசியாகப் பேசியதும் அதைத்தான்.

“ஏங்க, அவங்க திரும்ப வந்தா சொல்லிடுங்க. அன்னைக்கு மீந்ததை நாம யாரும் வாயில வெக்கல, கடல்லயே கொட்டிட்டோம்னு.”