ஜெய்புக்காவும் ரெண்டு சோழி மழையும்

ஜெய்புக்கா காலையில தவறிட்டாங்க.

அவங்க மகன் போன் பண்ணுனான். ஹார்ட் அட்டாக்... ஆஸ்பத்திரி வரைக்கும்கூட போகலையாம்.

இங்க நிறைய பேருக்கு அவங்களைத் தெரியாது. தொண்ணூறுகள்ல ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு சின்ன தொண்டு நிறுவனத்துல நாங்க ஒண்ணா வேலை பார்த்தோம். ஊர் ஊராப் போயி தண்ணியைப் பத்திப் பேசணும். யாரு கேட்டா... கொட்டாவி விடுவாங்க.

அதனால அக்கா ஒரு வெளையாட்டு கண்டுபிடிச்சாங்க. நடுவுல அண்டா நிறைய தண்ணி, அதுதான் கண்மாய். சுத்தி உக்காந்தவங்களுக்கு ஆளுக்கொரு டம்ளர். ஒவ்வொரு ஆட்டமும் ஒரு வருசம். என்ன பயிருன்னு அவங்களே முடிவு பண்ணணும். நெல்லுன்னா முழு டம்ளர் மோந்துக்கலாம், பருத்தின்னா அரை.

பொறவு சோழி உருட்டணும். மல்லாந்தா மழை, அக்கா ஒரு செம்பு ஊத்துவாங்க. குப்புற விழுந்தா கிடையாது.

கொஞ்ச நாள்ல அதையும் மாத்துனாங்க. ரெண்டு சோழி... ரெண்டும் மல்லாந்தாத்தான் மழை. பூமி சூடாகிட்டு வருது, இனிமே மழை முன்ன மாதிரி இருக்காதுன்னு எங்கயோ படிச்சிருந்தாங்க.

ஜனங்க பயந்துருவாங்க, வேண்டாம்னாரு டைரக்டர்.

"பயப்படட்டும் சார். வெளையாட்டுல காஞ்சு போனா திரும்ப ஆடலாம்ல."



மகாராஜபுரத்துல செல்லையான்னு ஒரு விவசாயி. எல்லா ஆட்டத்துலயும் நெல்லுதான், முழு டம்ளர்தான். கடைசியா உக்காந்திருந்த பொம்பளைக்கு ஒரு சொட்டு இல்லை. அந்தம்மா டம்ளரைக் கவுத்து வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

செல்லையாவுக்குக் கோபம் அக்கா மேல. மழையை நிறுத்த நீ யாருன்னு சத்தம் போட்டு, அண்டாவை ஒரு எத்து எத்துனாரு. திரும்பி வரும்போது பஸ்ல அக்கா அழுதுக்கிட்டே வந்தாங்க.

அந்தக் கோடையில செல்லையா தோட்டத்துல நிஜமாவே போர் போட்டாரு. நல்லா தண்ணி வந்துச்சு. பக்கத்துல இருந்த அவரு தம்பி கிணறு வத்திருச்சு. அடுத்த வருசம் மழையும் இல்லை, போரும் நின்னு போச்சு. அதுக்குள்ள தம்பி குடும்பத்தோட திருப்பூர் போயாச்சு.

ஒருநாள் ஆபீஸ் வாசல்ல வந்து நிக்காரு செல்லையா. உள்ள வரலை.

"தாயி... அந்த வெளையாட்டை எங்க தெருவுல இன்னொரு தரம் போடு."

போனோம். மொத ஆளா உக்காந்து பருத்தின்னாரு. அரை டம்ளர். பொறவு நீ எம்புட்டு எடுக்கப் போற, நீ எம்புட்டு எடுக்கப் போறன்னு ஒவ்வொருத்தரையா கேட்டாரு.

அந்தத் தடவை அண்டா வத்தலை. எல்லாரும் சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சாங்க. அவரு மட்டும் எந்திரிக்கலை.

"தம்பி இருந்தாம்னா..."

அக்கா சோழியைப் பொறுக்கிக்கிட்டு இருந்தாங்க. தலையே நிமிரலை.

பொறவு ஆபீஸை மூடிட்டாங்க. அக்கா ராஜபாளையத்துல அவங்க அண்ணனோட பேண்டேஜ் யூனிட்டுல பேக்கிங் பார்த்தாங்க. போன வருசம் பார்த்தப்போ மூட்டுவலின்னாங்க. என்னலே இப்பிடி எளைச்சுட்டன்னு என்னையத்தான் திட்டுனாங்க.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பொறவு அடக்கமாம். நான் ஏறுன பஸ் இன்னும் மதுரையே தாண்டலை.

செத்த நேரம் பொறுத்திருக்கலாம்ல அக்கா...