மன்னாருக்குப் போன இரண்டு வேன்கள்

அப்பாவின் பைனாகுலரை உறையிலிருந்து எடுத்தால் முதலில் வருவது பூச்சி உருண்டை வாசம். கண்டி மழைக்கு அலுமாரியில் எதை வைத்தாலும் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று நான்தான் உருண்டைகளைப் போட்டு வைத்திருந்தேன். நேற்று மறுபடி திறந்தபோது, அதற்குப் பின்னால் லேசாகக் கடல் சேற்றின் வாசமும் வந்தது. போன ஞாயிறு மன்னாருக்கு எடுத்துப்போனதன் மிச்சம். இரண்டு வாசமும் கலந்து மூக்கில் ஏறியதும் தனியாக நின்று சிரித்தேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

பல வருஷத்துக்கு முன்னால், எனக்கு முதலில் வந்த சம்பந்தம் முறிந்துபோன சமயம் அது. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன், மேலும் கீழும் பார்த்தார்கள், "யோசிச்சுச் சொல்றோம்" என்று போனார்கள். அவர்கள் யோசித்து முடிக்குமுன்பே எங்கள் ஊர் வத்தேகம சந்தையில் கருவாடு விற்கிறவர் வரைக்கும் முடிவு தெரிந்திருந்தது. கொஞ்ச காலம் நான் சந்தைப் பக்கமே போகவில்லை. வீட்டில் தினமும் பருப்புதான்.

ஆகவே சித்தி அடுத்த சம்பந்தத்தோடு வந்தபோது நிபந்தனை போட்டேன். இனித் தட்டுத் தூக்க மாட்டேன். அவர் என்னைப் பார்க்கிறதுக்கு முன்னால் நான் அவரைப் பார்க்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று ஒருத்தரும் கேட்கக் கூடாது. அப்பா, "சரிம்மா" என்று விட்டார். சித்திதான் தலையில் கை வைத்தாள்.

மாப்பிள்ளை கண்டி டவுனில் வாத்தியார். அவருடைய அம்மாவுக்குச் சொந்த ஊர் மன்னார்ப் பக்கம். ஐப்பசி பிறந்தால் வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும் என்று அந்தக் கரைக்குப் போய் நாள் முழுக்கச் சேற்றில் நிற்பாராம்.

"பைத்தியமா?" என்றேன்.

"நல்ல பைத்தியம்டி. குடிக்கிறதில்ல" என்றாள் சித்தி.

அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரு பஸ் தூரம்தான். ஆனால் கண்டியில் எங்கே சந்தித்தாலும் மாதா கோயில் பூசைக்கு வருகிற யாராவது கண்ணில் படுவார்கள். அதனால் பக்கத்துப் பக்கத்து ஊரில் இருந்த இரண்டு குடும்பமும் விடியுமுன்பே ஆளுக்கொரு வேன் பிடித்து, மன்னார்க் கரையில் தற்செயலாகச் சந்திக்கப் புறப்பட்டோம். அவர் முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டார். பெண் பார்க்கிற விஷயத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார் என்று அவருடைய அம்மாவுக்குப் பயம். தம்புள்ளையில் இரண்டு வேனும் ஒரே கடையில் நின்றன. சித்தியும் அந்த அம்மாவும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு தேத்தண்ணி குடித்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. என் அம்மா வேனில் ஏறினாலே வாந்தி எடுப்பவள். ஜெபமாலையோடு வீட்டில் தங்கிவிட்டாள்.

சும்மா போனால் சந்தேகம் வரும் என்று அப்பா கண்டியில் ஒரு பழைய பைனாகுலர் வாங்கியிருந்தார். ஒரு கண்ணாடி மங்கல். பக்கத்து வீட்டுப் பலாமரத்துக் காகத்தைப் பார்த்துப் பழகப்போய், மனுசனுக்கு நிஜமாகவே ஆசை பிடித்துவிட்டது. வழி முழுக்கப் பூநாரை பற்றியே பேச்சு.

கரையில் இறங்கியதும் சித்தி என் காதோடு சொன்னாள். "புடிக்கலன்னா பைனாகுலர அப்பாகிட்ட குடுத்துடு. அதான் சைகை. நாங்க மூட்டையக் கட்டிடுறோம்." பிறகு வேன்களுக்குப் பக்கத்தில், இப்போதுதான் பழக்கமானவர்கள் மாதிரி, அவருடைய அம்மாவோடு பாண் ரொட்டியும் சீனிச் சம்பலும் பகிர்ந்துகொண்டு எங்களையே பார்த்தபடி உட்கார்ந்தாள்.

நான் பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். முதலில் வாத்துகள். பிறகு சேறு. பிறகு அவர். காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றதைச் சேற்றுக்குள் காலால் தேடிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே ஏதோ கூட்டமாகப் போனது. உடனே செருப்பை மறந்து, வாயைத் திறந்து அண்ணாந்து, யாருமே இல்லாத இடத்தில் தனியாகச் சிரித்தார். அந்த நிமிஷமே எனக்குப் பிடித்துவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள். கேட்கக் கூடாது என்பதுதானே பேச்சு.

அப்போதுதான் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு அசைந்து எழுந்தது. "குடும்மா, குடும்மா, பூநாரை எழும்புது!" என்று அப்பா என் கழுத்தில் மாட்டியிருந்த பட்டியோடு சேர்த்துப் பைனாகுலரைப் பிடுங்கினார். என் பின்னலும் கொஞ்சம் கூடவே போனது.

சித்தி பார்த்துவிட்டாள். முகம் விழுந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சரி, வெயில் ஏறிடுச்சு. நாங்க கெளம்புறோம்."

"ஓம், ஓம், நாங்களும் வெளிக்கிடுறம்" என்றார் அந்த அம்மா, பாணைப் பாதியில் வைத்துவிட்டு. வேன் உறுமத் தொடங்கியது.

"அப்பா, சைகை! சைகை!" என்றேன்.

"இரும்மா, எறக்கைக்குள்ள என்னா செவப்பு!" என்றார் அவர்.

இனி அப்பாவை நம்பிப் பயனில்லை. புதுச் செருப்போடு ஈர மணலில் ஓடிக்கொண்டே கத்தினேன். "சித்தி, இல்ல! அப்பா புடுங்கிட்டாரு! எனக்குப் புடிச்சிருக்கு! புடிச்சிருக்கு!"

எங்கள் ஊரில் கத்தினால் ஏதாவது ஒரு மலை மறித்துக்கொள்ளும். அங்கே மறிக்க ஒன்றுமில்லை. குரல் நேரே கடலுக்குப் போனது, போகிற வழியில் வாத்தியார் காதிலும் விழுந்துவிட்டு. ஒற்றைச் செருப்போடு நடந்து வந்தார். வேன்காரர் எஞ்சினை நிறுத்தினார்.

"என்ன பிடிச்சிருக்கு?" என்று பணிவாகக் கேட்டார். "பூநாரையோ?"

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ! "அதுவும்தான்" என்றேன்.

அவர் ஒருமுறை தன் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காது வரைக்கும் சிவந்தார். அவருடைய அம்மா பாணைத் திரும்ப எடுத்து மணலைத் தட்டினார். "அப்ப இருந்து சாப்பிட்டிட்டுப் போவம் பிள்ளை." எல்லாம் முடிந்து வெகு நேரத்துக்குப் பிறகு அப்பா திரும்பி, "எங்க எல்லாரும்?" என்றார்.

இப்போது எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க யாரும் வேன் பிடிப்பதில்லை. கைபேசியில் படம் வருகிறது, முகமும் குரலும் எல்லாம் முதல் நாளே தெரிந்துவிடுகிறது. கருவாட்டுக்காரர் கடையில் இன்று கைபேசிதான் விற்கிறார்கள். சித்தி கடல் கடந்து மகனோடு போய்விட்டாள். அப்பாவை இந்த வருஷம்தான் அடக்கம் செய்தோம்.

போன ஞாயிறு, அப்பா இல்லாமல் முதல் தடவையாக, நாங்கள் இரண்டு பேர் மட்டும் மன்னாருக்குப் போனோம். என்னவர் இந்த முறை செருப்பைக் காரிலேயே கழற்றி வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினார். நான் கரையில் நின்றேன். வெகு நேரம் கழித்துத் தூரத்து வெள்ளைக் கோடு அசைந்தது. பழக்கதோஷம், ஒரு கையால் பட்டியையும் மறு கையால் பின்னலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பூநாரைகள் எழும்பின, இறக்கைக்குள் அதே சிவப்பு. கடைசிப் பறவை மறையும் வரைக்கும் நானே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் பிடுங்கவில்லை.