கொக்கிக்குக் கீழே ஒரு புள்ளி

வீட்டு வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்ட வந்த ஆளை, "அத்த வீணாக்காத, குடு, ஜூஸ் போட்டாச்சும் குடிக்கிறேன்" என்று விரட்டியவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னைப் பார்க்கப்போகும் பார்வை எனக்கு இப்போதே தெரிகிறது. தண்டையார்பேட்டையில் பிறந்தவள், பாரிமுனையில் ஒரு சரக்கு ஏஜென்சியில் பத்தொன்பது வருடமாகக் கப்பல் காகிதம் பார்க்கிறவள். பெட்டியை எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். பேய், பிசாசு, ஆவி, அமாவாசை எதுவும் என்னிடம் நடக்காது என்றுதான் இருந்தேன்.

என் தம்பி தாமு கப்பலில் டெக் வேலைக்குப் போனவன். ஒன்பது வருடம் ஆகிறது. கருங்கடல் பக்கம் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கினான், திரும்ப ஏறவில்லை, அவ்வளவுதான் எங்களுக்கு வந்த தகவல். அம்மா அவன் இன்றைக்கு வருவான், நாளைக்கு வருவான் என்று வாசலைப் பார்த்தபடியே படுக்கையில் விழுந்து, ஆறு வருடம் கிடந்து, போன ஐப்பசியில் கண்ணை மூடினாள். அம்மாவின் காரியம் முடிந்த கையோடு என் அக்கா பத்மா ஆரம்பித்துவிட்டாள். அவள் கல்யாணமாகி மாத்தூரில் இருக்கிறாள்.

"அம்மாக்காகத்தான் இத்தினி நாள் வாயத் தொறக்கல சாந்தி. தர்ப்பையில பொம்மை செஞ்சு தாமுக்கும் முடிச்சிடலாம்டி. அவன் ஆன்மா அலைஞ்சிகினு கீது."

"உயிரோட கீறவனுக்குக் காரியம் பண்ணுவியா நீ?"

"உயிரோட கீறான்னு உனுக்கு யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கோபம். அக்கா அழுதாள், நானும் அழுதேன். நீ சம்மதிக்காமல் செய்ய மாட்டேன், ஆனால் மாசி அமாவாசைக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று போய்விட்டாள். பாரத்தை என் தலையில் வைத்துவிட்டு அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். எனக்குத்தான் தூக்கம் இல்லை. அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று கை தானாகப் பக்கத்துக் கட்டிலுக்குப் போகும், அங்கே வெறும் மெத்தை இருக்கும்.

ஆபீஸில் இருப்பவர்கள் சொல்லி மனநல ஆலோசகர் ஒருவரிடம் போனேன். அந்த அம்மா ஒரு மணி நேரம் நான் பேசுவதைக் கேட்டுவிட்டு, "கடைசியா உங்களுக்குன்னு என்ன வாங்கினீங்க?" என்றார். யோசித்து யோசித்துப் பார்த்தேன், எல்லாமே அம்மாவுக்கு வாங்கியதுதான். தனியாக எங்காவது போங்கள், தினமும் சின்னதாக ஒரே ஒரு பொருள் உங்களுக்கென்று மட்டும் வாங்குங்கள் என்று அனுப்பிவிட்டார்.

ஜார்ஜியாவுக்குப் போனேன். ஏன் ஜார்ஜியா என்று அக்கா கேட்டதற்கு டிக்கெட் மலிவு, விசா சுலபம் என்றேன். அது உண்மையும்கூட. அந்த நாட்டில் நான் போய்த் தங்கிய பத்துமி என்ற ஊர் கருங்கடல் கரையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும்.

பத்துமியில் ஓயாத மழை. நான் எடுத்துப் போனதோ ஒரு சால்வை. குளிரில் பல் கிட்டித்துப்போய், துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த பழைய துணிக் கடைகளுக்குள் ஒதுங்க ஆரம்பித்தேன். அங்கே அது ஒரு கேவலமான விஷயமே இல்லை. நல்ல உத்தியோகத்தில் இருக்கிறவர்களும் வந்து குவியலைக் கிளறுகிறார்கள், துணியை எடை போட்டு விற்கிறார்கள். எங்கள் அம்மா இருந்திருந்தால், "ஊரான் துணியப் போட்டா ஊரான் கஷ்டமும் ஒட்டிக்கும், கீழ போடு அந்தக் கலீஜ" என்று கத்தியிருப்பாள். அம்மா இல்லை, நான் கிளறினேன். முதல் நாள் பூப்போட்ட ஒரு கழுத்துத் துணி, இரண்டாம் நாள் பிடி உடையாத பீங்கான் கோப்பை. கடற்கரை பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கோப்பையில் டீ ஊற்றிக் குடித்தபோது, சொன்னால் சிரிப்பீர்கள், தேம்பித் தேம்பி அழுதேன். நாற்பத்திரண்டு வயதில் எனக்கென்று ஒரு கோப்பை.

மூன்றாம் நாள் என்ன நடந்தது என்று சொல்லுமுன் கிளியக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கிளியக்கா எங்கள் தெருவுக்கே துணி வெளுத்து இஸ்திரி போடுகிறவள். எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று தெரிய, கழுத்தின் உள்பக்கம் சேங்கொட்டைச் சாற்றில் குறி வைப்பாள். துணி கிழிந்தாலும் கிழியும், அந்தக் கருப்பு போகாது. கறுப்பு, நீலத் துணி என்றால் குறி தெரியாதே, அதற்காக விரல் அகலத்தில் வெள்ளைத் துணி ஒன்றைக் கழுத்தில் தைத்து அதில் வைப்பாள். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் என்பதால் எங்கள் வீட்டுக்கு ஒரு கொக்கி. கிளியக்காவுக்கு இடது கை, அதனால் அந்தக் கொக்கி எப்போதும் எதிர்ப் பக்கமாக வாய் திறந்திருக்கும். கொக்கிக்குக் கீழே புள்ளிகள், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை. இது அவளாக வைத்துக்கொண்ட வழக்கம், வேறு எந்த ஊரிலும் நான் கேள்விப்பட்டதில்லை. அக்கா கல்யாணமாகிப் போனபோது ஒரு புள்ளி குறைந்தது, அப்பா செத்தபோது ஒன்று குறைந்தது. தாமு கப்பலுக்குப் போகும்போது அவன் சட்டை, பனியன் எல்லாவற்றிலும் மூன்று புள்ளி. அவன் காணாமல் போன மறு வருடம் ஒன்றைக் குறைக்கட்டுமா என்று கிளியக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எம் புள்ள துணி வரும்டி! புள்ளியத் தொட்ட, கைய ஒடிச்சுடுவேன்!" என்று அம்மா வாசலிலிருந்தே கத்தினாள். அம்மா போன பிறகுதான் இரண்டு ஆனது. நானும் தாமுவும்.

எங்கள் தெருக்காரர்கள் யாரும் ஒரு துணியைக் கையில் எடுத்தால் முதலில் கழுத்தைத்தான் திருப்பிப் பார்ப்போம். ஜவுளிக் கடையில் புதுச் சட்டையைக்கூட அப்படித் திருப்பிப் பார்த்து அசிங்கப்பட்டிருக்கிறேன். அந்த மூன்றாம் நாள் பகல் பதினோரு மணிக்கு, தரைக்குக் கீழே படியிறங்கிப் போகிற ஒரு கடையில், கருநீல ஆண்கள் ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து, அதே பழக்கத்தில் கழுத்தைத் திருப்பினேன்.

வெள்ளைத் துணி. கொக்கி. எதிர்ப் பக்கமாக வாய் திறந்த எங்கள் வீட்டுக் கொக்கி.

அடப்பாவி தாமு, இங்கேதான் இருக்கிறாயா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன், கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். மூன்று புள்ளி இருக்கும், அவன் கொண்டுபோன ஸ்வெட்டர்தான் என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். ஒரே ஒரு புள்ளி. மற்ற இரண்டும் அழிந்திருக்கும் என்று வெளிச்சத்தில் பிடித்தேன், நகத்தால் சுரண்டினேன், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், போட்டுப் பார்த்தேன். கீழே சுத்த வெள்ளை. புள்ளி கொக்கிக்கு நேர் நடுவில் இருந்தது. இரண்டு அழிந்திருந்தால் கறையாவது தங்கியிருக்கும்.

இது எங்கிருந்து வந்தது என்று போனில் மொழிபெயர்ப்பைத் தட்டிக் கடைக்காரியிடம் காட்டினேன். அவள் கொறித்துக்கொண்டிருந்த சூரியகாந்தி விதையை வைத்துவிட்டுப் பதில் தட்டினாள். போன் தமிழில் சொன்னது: "மூட்டை. கப்பல். தெரியாது."

வெளியே வந்து மழையில் நின்றபடியே கிளியக்காவுக்கு வாட்ஸப்பில் போன் போட்டேன். அங்கே பகல் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருக்கும்.

"இன்னா சாந்திம்மா, ஃபாரின்லேர்ந்து நமக்குப் போனா?"

"கிளியக்கா, அம்மா போன அப்புறம் எங்க வூட்டு ஸ்வெட்டர் ஏதாவது உன்கிட்ட வந்துச்சா? நீலக் கலரு?"

"உங்க வூட்ல ஸ்வெட்டரு ஏதும்மா? தண்டார்பேட்டைல அத்தப் போட்டுகினு வேர்த்து சாவவா? ஏன், இன்னா ஆச்சு?"

"ஒரு ஸ்வெட்டர்ல உன் குறி கீது. கொக்கி."

"எத்தினி புள்ளி கீது?"

ஏன் பொய் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. "ரெண்டு" என்றேன்.

"அப்ப உன்துதான். மறந்து எத்துனு போய்ட்ட. சொம்மா பேஜார் பண்ணிக்காத, போய்ச் சாப்டு" என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கு எனக்கென்று வாங்கிய பொருள் அந்த ஸ்வெட்டர்தான். அறைக்குப் போய்ப் போட்டுக்கொண்டேன். பழைய துணிக் கடை நாற்றத்துக்கு அடியில் கரி இஸ்திரியின் வாசனை, சத்தியமாகச் சொல்கிறேன், கிளியக்கா வண்டியின் வாசனை வந்தது. பயந்து நடுங்கியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? பகல் இரண்டு மணிக்குப் படுத்தவள் மறுநாள் காலை வரை அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினேன். அம்மா போனதிலிருந்து அப்படி ஒரு தூக்கம் இல்லை. அடுத்த மூன்று நாளும் அதைப் போட்டுக்கொண்டு துறைமுகத்தைச் சுற்றினேன். எதிரில் வந்த ஒவ்வொரு ஆம்பளை முகத்தையும் முறைத்து முறைத்துப் பார்த்தேன், ஒருத்தர் கோபித்துக்கொண்டுகூடப் போனார். தாமு இல்லை.

ஊருக்கு வந்ததும் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு கிளியக்காவிடம் போனேன். அவள் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, அந்த வெள்ளைத் துணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். தையலைத் தடவினாள்.

"என் கைதான். தையலும் என்துதான்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டுன்னு சொன்னியே?"

ஸ்வெட்டரை அவள் கையிலிருந்து வாங்கி மடித்தேன்.

"உங்க வூட்டுக்கு நான் ஒத்தப் புள்ளி வச்சதே இல்லியேம்மா" என்றாள். அப்புறம் மெதுவாக, "இன்னும்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை என்னை ஆட்டி வைத்துவிட்டது. ஒரு புள்ளி என்றால் வீட்டில் ஒரு ஆள்தான் மிச்சம். அப்படியென்றால் தாமு இல்லை, நான்தான் மிச்சம் என்று அர்த்தமா? அல்லது ஸ்வெட்டர் அவனுடையது, அவன்தான் மிச்சமா? அப்படியானால் நான்?

அமாவாசைக்கு முதல் நாள் அக்கா வந்தாள். ஸ்வெட்டரைக் காட்டவில்லை. காட்டினால் போதும், இதோ தம்பியே சொல்லிவிட்டான் என்று திருவொற்றியூர் கடற்கரைக்கு என்னை இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.

"இன்னாடி முடிவு பண்ண?"

"மாட்டேன்க்கா. என் வாயால அவன் செத்துட்டான்னு சொல்ல மாட்டேன்."

"அம்மாவ அப்டியே உரிச்சு வச்சுகினு கீற" என்று திட்டிவிட்டு, எனக்கென்று கொண்டுவந்த வஞ்சிர மீன் குழம்பை வைத்துவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் கிளியக்காவிடம் போய், ஸ்வெட்டரில் இன்னொரு புள்ளி வைத்துக் கொடு என்றேன். அவள் ஒன்றும் கேட்காமல் வைத்தாள். காய்ந்த பிறகு நானே விரலால் தேய்த்துப் பார்த்தேன், கையில் ஒட்டவில்லை. ஒரு தடவை தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் ஒரு புள்ளி. கறை இல்லை, மங்கல் இல்லை, வைத்த இடம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. சேங்கொட்டை பழசு என்று கிளியக்கா புதுக்கொட்டை வாங்கி வந்து வைத்தாள். போய்விட்டது. மூன்றாவது தடவை அவளே தன் கையால் அலசினாள். அலசி, பிழிந்து, உதறி, கழுத்தைத் திருப்பிப் பார்த்தவள் அதை அப்படியே என் மடியில் போட்டுவிட்டாள்.

"எனுக்கு வாணாம்மா. நாப்பது வருசமா குறி வைக்கிறேன், தண்ணிக்குப் போன குறிய நான் பார்த்ததில்ல. இத்த இனிமே என்கிட்ட எத்துனு வராத."

ஸ்வெட்டரை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். தூக்கம் வராத நாளில் எடுத்துப் போட்டுக்கொள்கிறேன், சித்திரை வெயில் என்றுகூடப் பார்ப்பதில்லை, போட்டதும் தூங்கிவிடுகிறேன். ஆடி அமாவாசைக்கு அக்கா மறுபடியும் வந்து கேட்பாள். அதுவரை எனக்கு வேலை இருக்கிறது. கிளியக்காவிடமிருந்து வருகிற என் துணிகளுக்கு இப்போதும் இரண்டு புள்ளிதான். தினமும் காலையில் ஆபீஸுக்குக் கிளம்புமுன் ஜாக்கெட்டின் கழுத்தைத் திருப்பி எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன்.

இன்றைக்கும் இரண்டு இருந்தது.