பின்பக்க இண்டிகேட்டர்

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படிக்கலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் இயற்பியல் படித்தவள். ஒரு சத்தம் கேட்டால், அது எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்துவிடுவேன். இந்த ஒரு சத்தத்தைத் தவிர.

விபத்தில் சிக்கிய வண்டிகளின் பாகங்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. என் பங்கு, விளக்குகள். மோதும் நேரத்தில் பல்பு எரிந்துகொண்டிருந்தால், உள்ளே இருக்கும் இழை சூட்டில் இளகி, இழுத்த ஸ்பிரிங் போல நீண்டுவிடும். அணைந்திருந்தால் நெளியாது. பளபளப்பாக, சுத்தமாக ஒடியும். பல்பு பொய் சொல்லாது என்பார் எங்கள் ஆய்வகத் தலைவி. எங்களுக்கு அவர் பெரியக்கா.

அன்று என் மேசைக்கு வந்தது ஒரு காரின் பின்விளக்குக் கூடு. அதிலிருந்து கழற்றிய இண்டிகேட்டர் பல்பு தனி உறையில் இருந்தது. டயர் பஞ்சராகி, ஒருவர் சாலையோரமாகக் காரை நிறுத்தியிருக்கிறார். குனிந்து டயர் மாற்றும்போது, ஓரத்தில் ஏறி வந்த லாரி அடித்துவிட்டது. அந்த இடத்திலேயே போய்விட்டார். காருக்குள் இருந்த மனைவி பிழைத்துக்கொண்டார்.

"இண்டிகேட்டர் போடாம இருட்டுல நிறுத்தியிருந்தாரு" என்பது லாரி டிரைவரின் வாக்குமூலம். ஓரமாக நிற்கும் வண்டி இரண்டு பக்கமும் விளக்கை மினுக்க வேண்டும் என்பது சட்டம். டிரைவர் சொன்னது உண்மையென்றால் குற்றத்தில் பாதி செத்தவருக்கு. ஓரத்தில் லாரி ஏறக் கூடாது என்பதும் சட்டம்தான். அதைச் சோதிக்க யாரும் எங்களுக்கு எதையும் அனுப்பவில்லை.

அன்று காலையில் அந்த மனைவி ஆய்வக வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

"போட்டுட்டுத்தான் இறங்கினாரு, தங்கச்சி. அந்த டிக் டிக் எரிச்சலா இருக்குன்னு நான்தான் திட்டினேன். 'அது கத்தினாத்தான் நாம இருப்போம்'னு சிரிச்சாரு."

நான் பதில் சொல்லவில்லை. புதியவர்களிடம் எனக்கு வாய் வராது.

சாயங்காலம் பெரிய மழை. எல்லோரும் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். நான் பல்பை நுண்ணோக்கியில் வைத்தேன். இழை நெளியவே இல்லை. பளபளவென்று ஒடிந்திருந்தது. அந்த அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. என்ன செய்வது? தட்டச்சு செய்தேன்: 'மோதலின்போது விளக்கு எரியவில்லை.'

டிக்... டிக்...

மணி ஆறே முக்கால்.

எங்கள் சுவர்க் கடிகாரம் சத்தம் போடாது. குழாயைப் பார்த்தேன். இறுக மூடியிருந்தது. குளிர்பெட்டியின் வயரைப் பிடுங்கினேன்.

டிக்... டிக்... டிக்...

சீரான இடைவெளி. காரில் உட்கார்ந்த யாருக்கும் தெரிந்த சத்தம்.

ஜன்னல் கண்ணாடியில் ஆரஞ்சு வெளிச்சம். போனது. வந்தது. போனது. கீழே ஏதோ வண்டி என்று எட்டிப் பார்த்தேன். வெறும் மழை.

வெளிச்சம் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது.

திரும்பினேன்.

மேசையில் அந்த விளக்குக் கூடு. வயர் இல்லை. பல்பு இல்லை.

எரிந்தது... அணைந்தது... எரிந்தது...

எரிந்தபோதெல்லாம் சுவரில் ஒரு நிழல். குனிந்து, எதையோ திருகிக்கொண்டு...

தொட்டேன்.

சுட்டது.

கையை உதறியதில் கூடு கவிழ்ந்தது. உடைந்த மூலையிலிருந்து மண்ணோடு ஏதோ உதிர்ந்தது. ஓர் இழை. நீண்டு, நெளிந்து, கறுத்து. அதன்மேல் உருகி ஒட்டிய கண்ணாடித் துளிகள்.

எரிந்துகொண்டிருக்கும்போதே பல்பு உடைந்தால்தான் இழை இப்படி ஆகும். அப்படியானால் நுண்ணோக்கியில் இருப்பது, பிறகு யாரோ மாட்டிவைத்த பல்பு.

எழுதியதை அழித்தேன். முழுவதையும் மாற்றி எழுதினேன். முடித்தபோது சத்தம் நின்றது. மணி ஏழரை.

"பல்பப் பாருன்னா மண்ணத் தோண்டியிருக்கே" என்றார் பெரியக்கா மறுநாள்.

"இழையும் பொய் சொல்லாதுக்கா."

"அடேயப்பா! உனக்கு வாய் இருக்கா?"

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். என் முகத்தைத்தான் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் நீதிமன்றத்தில் லாரி தரப்பு வக்கீல் என்னைக் கேட்டார். "பல்புதானே சோதிக்கணும்? கூட்டை ஏன் கவுத்தீங்க?"

"கை சுட்டுது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்த இழை எந்த வண்டியுடையதோ, ரோட்டு மண்ணோடு வந்திருக்கலாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். பாதிக் குற்றம் செத்தவர் தலையில் விழுந்தது. மனைவி அழவில்லை. "போட்டாரு" என்று ஒருமுறை சொன்னார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வராந்தாவில், லாரி டிரைவர் என் பின்னாலேயே வந்தார். தூங்கிப் பல நாளான கண்கள்.

"கை சுட்டுதுன்னு சொன்னீங்களேம்மா... எரிஞ்சுதா?"

தலையாட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு வெளிச்சம் இல்லம்மா. சத்தம்தான். வண்டி ஓட்டறத விட்டாச்சு. வீட்டையும் மாத்தியாச்சு. காதுக்குள்ளேயே டிக்... டிக்... ஒரே ஒரு நாள்தான் நின்னுச்சு. போன மாசம் ஒரு பெரிய மழை பெஞ்சுதே, அன்னிக்கு. ஆறே முக்காலுக்கு நின்னுச்சு. அப்பாடான்னு கண்ண மூடினேன். ஏழரைக்குத் திரும்ப வந்துடுச்சு."

என் முகத்தையே பார்த்தார்.

"அவ்வளவு நேரம் அது எங்கம்மா போயிருக்கும்?"

நான் பதில் சொல்லவில்லை. புதியவர்களிடம் எனக்கு வாய் வராது.